அத்தியாயம் 7: சும்மா இருக்கையில் சாயும் கணினி

முந்தைய அத்தியாயத்தில் சொன்னபடி மல்டிப்ளையரை ஏற்றி, வோல்டேஜைச் சரிக்கட்டி, ப்ரைம்95-ஐ இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். சூடு கட்டுக்குள் நின்றிருக்கும். பிழை ஒன்றும் வந்திருக்காது. ஓவர்கிளாக் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும் வாரத்தில்தான் இந்த அத்தியாயம் தேவைப்படும்.

கம்போங் மேடானில் கணினி பழுது பார்க்கும் எந்தக் கடையில் நின்றாலும் இந்தப் புகார் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் வரும். "அண்ணே, மூனு மணி நேரம் கேம் ஆடினேன், ஒன்னும் ஆவல. சாப்பிட எழுந்து போயிட்டு வந்தா ஸ்க்ரீன் கறுப்பா கெடக்கு. காத்தாடி மட்டும் சுத்துது." கடைக்காரர் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "பயோஸ்ல என்னத்த தம்பி மாத்துன?"

முழு வேகத்தில் தாங்குகிற ப்ராசஸர் ஓய்வில் சாய்ந்தால், சந்தேகம் மின்சேமிப்பு அமைப்புகள் மேல் விழுவது நியாயம். அதற்குக் காணொளிகளில் கிடைக்கும் வைத்தியம் எல்லோருக்கும் மனப்பாடம்: சி1இ, சி6, ஸ்பீட்ஸ்டெப் எல்லாவற்றையும் பயோஸில் அணை, விண்டோஸில் ஹை பெர்ஃபார்மன்ஸ் போடு. பாதிப் பேருக்கு அதோடு கோளாறு நின்றும் போகும். நான் அதை வைத்தியம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அணைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. அணைத்தே வைத்திருப்பது, குற்றவாளி யார் என்று தெரியாமலே வழக்கை மூடுவது. ஏர்கான் இல்லாத நான்காம் மாடி பிளாட்டில், மதியம் அறையே 32 டிகிரியில் இருக்கும்போது, ஒரு வேலையும் செய்யாத ப்ராசஸர் நாள் முழுக்க முழு வோல்டேஜில் நிற்க வேண்டிய அவசியம் என்ன?

ஓய்வில் என்ன நடக்கிறது

மின்சேமிப்பு என்று நாம் மொத்தமாகச் சொல்வது இரண்டு தனித்தனி வேலைகள். ஒன்று வேகத்தையும் வோல்டேஜையும் சேர்த்து இறக்குவது. இன்டெலில் இதற்கு ஸ்பீட்ஸ்டெப் என்று பெயர், 2015-இல் வந்த ஸ்கைலேக் முதல் ஸ்பீட் ஷிஃப்ட்டும் உண்டு. ஏஎம்டி வெகு காலம் இதைக் கூல் அண்ட் குவையட் என்றது. மற்றொன்று, வேலையில்லாத கோர்களைத் தூங்க வைப்பது. இந்தத் தூக்க நிலைகள்தான் சி-ஸ்டேட்; சி1, சி3, சி6, சி7 என்று எண் ஏற ஏறத் தூக்கம் ஆழமாகும். சி6-இல் கோர் தன் நிலையை ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தையே ஏறக்குறைய முழுதாக விட்டுவிடும்.

ப்ராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வோல்டேஜை இறக்குவதில் இத்தனை லாபம் கிடைப்பது அதனால்தான். நம் பக்கத்தில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும் கோர் ஐ7 4790கே-யை எடுத்துக்கொள்வோம். 2014-இல் வந்தது. 4.7 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினால் மல்டிப்ளையர் 47, வோல்டேஜ் 1.25 பக்கம். ஓய்வில் மல்டிப்ளையர் 8-க்கு இறங்கும், அதாவது 800 மெகாஹெர்ட்ஸ். வோல்டேஜ் 0.7-க்குப் பக்கத்தில் வந்துவிடும். நீங்கள் மௌஸை அசைத்தால் மேலே போகும், விட்டால் கீழே வரும். நாள் முழுக்க இந்த ஏற்ற இறக்கம் ஓயாது. ப்ரைம்95 இதில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. அது மொட்டை மாடியில் ஆள் நிற்க முடிகிறதா என்று மட்டும் பார்க்கிறது, படிக்கட்டைப் பார்ப்பதில்லை.

கோளாறே இல்லாத கோளாறு

பலர் பழுது என்று நினைத்துக் கொண்டுவருவது வெறும் எண். 4.7 வைத்தேன், சிபியு-இசட் 800 காட்டுகிறது, ஓவர்கிளாக் பிடிக்கவில்லை என்பார்கள். பிடித்திருக்கிறது. ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள், எண் மேலே ஏறும்.

இந்தக் குழப்பம் உச்சத்தில் இருந்தது 2007-இல் வந்த கோர் 2 குவாட் க்யூ6600 காலத்தில். அதன் சொந்த வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது 266 மெகாஹெர்ட்ஸ் பஸ், ஒன்பது மடங்கு. பஸ்ஸை 400-க்கு ஏற்றினால் 3.6. ஆனால் ஓய்வில் சி1இ மடங்கை ஆறாகக் குறைக்கும். 400-ஐ ஆறால் பெருக்கினால் மறுபடி அதே 2.4! ஏற்றிய வேகம் அப்படியே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டதாகத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. சி1இ-யை அணைக்கும் பழக்கம் அக்காலத்தில் வேரூன்ற இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். வேலை கொடுத்த பிறகு வேகம் இறங்கினால் அது மின்சேமிப்பு அல்ல. சூடு தாங்காமல் இறங்குகிறது, அல்லது மதர்போர்டு வைத்த வாட் வரம்பைத் தொட்டுவிட்டது. எச்டபிள்யூஇன்ஃபோவில் தெர்மல் த்ராட்லிங், பவர் லிமிட் என்ற வரிசைகளில் எது ‘யெஸ்’ ஆகிறது என்று பாருங்கள். சி-ஸ்டேட்டை அணைத்தால் இது இன்னும் மோசமாகும்.

இன்னொன்று, விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 99 சதவீதத்தில் இருந்தால் இன்டெல் ப்ராசஸரில் டர்போவே வராது. மடிக்கணினி சூட்டைக் குறைக்க யாரோ சொல்லிக்கொடுத்த வித்தையை மேசைக் கணினியிலும் செய்து வைத்திருப்பார்கள். 100 ஆக்கினால் போதும்.

கைவைக்கும் முன் சாட்சி

விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவில் நின்ற நேரத்தைத் தேடுங்கள். கெர்னல்-பவர் 41 இருக்கும். பலர் அதைப் பார்த்ததும் பவர் சப்ளையைக் குற்றம் சொல்வார்கள். 41 சொல்வது, கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்ற ஒரே சேதிதான், காரணத்தை அது சொல்வதில்லை. அதற்கு அடுத்துள்ள வரிகளில் ‘வியா-லாகர்’ இருக்கிறதா என்று பாருங்கள். 18 என்றால் ப்ராசஸர் பக்கம் சரிசெய்ய முடியாத பிழை. 19 என்றால் பிழை வந்து சரிசெய்யப்பட்டது, அதாவது ஓரத்தில் நிற்கிறீர்கள்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மூன்று, நான்கு மணிக்கு இடி இறங்கும் மாதங்கள் உண்டு. மின்சாரம் ஒரு கணம் தளர்ந்தாலும் கணினி அணைந்து மீளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லி விநாடி. நல்ல பவர் சப்ளையே முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான் தாக்குப்பிடிக்கும். சாய்வதெல்லாம் மழைநேரத்தில் மட்டும் என்றால் பயோஸைத் தொடாதீர்கள், யுபிஎஸ் வாங்குங்கள்.

அடுத்து ரேம். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ போட்டு ரேமையும் ஏற்றியிருந்தால் அதை முதலில் அணைத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ப்ராசஸர் மேல் விழும் பழியில் கணிசமான பங்கு ரேமுடையது.

பயோஸுக்குப் போகாமல் ஒரு சோதனை

விண்டோஸின் பவர் திட்டத்தை பேலன்ஸ்டிலிருந்து ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். இதை நிரந்தரமாக வைக்கச் சொல்லவில்லை. பேலன்ஸ்டில் மினிமம் ப்ராசஸர் ஸ்டேட் 5 சதவீதம், ஹை பெர்ஃபார்மன்ஸில் 100. ஆக வேகமும் வோல்டேஜும் கீழே இறங்காது. ஆனால் கோர்கள் தூங்குவது நிற்காது, சி-ஸ்டேட் அப்படியே நடக்கும். இரண்டு வேலைகளையும் தனியாகப் பிரித்துக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

இப்படி விட்டபின் சாய்வது நின்றால், குறைந்த வேகத்தில் கிடைக்கும் வோல்டேஜ் போதவில்லை. நிற்காவிட்டால் தூக்க நிலைகளையோ பவர் சப்ளையையோ பார்க்க வேண்டும்.

வோல்டேஜ் போதவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஆஃப்செட். சூட்டைக் குறைக்க மைனஸ் 0.08 வைத்திருப்பீர்கள். மேலே 1.33 கேட்ட ப்ராசஸருக்கு 1.25 கிடைக்கும், ஓடும். அதே 0.08 கீழேயும் கழியும் என்பதை மறந்திருப்பீர்கள். 0.70 வேண்டிய இடத்தில் 0.62 கிடைத்தால் 800 மெகாஹெர்ட்ஸில்கூட நிற்காது. போர்டில் அடாப்டிவ் என்ற முறை இருந்தால் அதற்கு மாறுங்கள். அதில் நீங்கள் எழுதும் எண் டர்போ வேகத்துக்கு மட்டும் பொருந்தும், கீழ்ப்படிகளில் ப்ராசஸரின் சொந்தக் கணக்கு நடக்கும். ஒரு எச்சரிக்கை: 4790கே தலைமுறையில் அடாப்டிவில் இருக்கும்போது ஏவிஎக்ஸ் உள்ள ப்ரைம்95 ஓட்டினால், ப்ராசஸர் நீங்கள் எழுதியதைவிடக் கூடுதல் வோல்டேஜ் தானே எடுத்துக்கொள்ளும். நீண்ட சோதனையை மேனுவல் வோல்டேஜில் முடித்துவிட்டு அப்புறம் அடாப்டிவுக்கு வாருங்கள். அடாப்டிவ் இல்லாத போர்டில் மைனஸைக் கொஞ்சம் கொஞ்சமாக, 0.01 அளவில், குறைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

தூக்க நிலைகளை ஒவ்வொன்றாக

இப்போது பயோஸ். முதலில் இருக்கும் அமைப்பை ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்து, ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். ‘ஆட்டோ’ என்று எழுதியிருக்கும் இடங்களை நம்பாதீர்கள். மல்டிப்ளையரை ஏற்றியதும் சில போர்டுகள் ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து சி-ஸ்டேட்டைத் தாமாகவே அணைத்துவிடும், சில அணைக்காது. எனேபிள்ட், டிஸேபிள்ட் என்று வெளிப்படையாக எழுதினால்தான் சோதனைக்கு அர்த்தம்.

ஆழமான தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். சி7, சி6 இரண்டையும் அணைத்து, ஓர் இரவு உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து விட்டுவிடுங்கள். அப்போதும் சாய்ந்தால் அடுத்து சி3, அதன்பின் சி1இ. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அணைத்தால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும், மறுபடி ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டிவரும்.

சி6, சி7 அணைத்ததும் சரியானால், எப்படிச் சாய்ந்தது என்பதை நினைவுபடுத்துங்கள். நீலத்திரையோ உறைவோ இல்லாமல், சுவிட்சைப் போட்டு அணைத்ததுபோல் மொத்தமும் அடங்கியதா? அப்படியென்றால் பவர் சப்ளையை மாற்றுங்கள். 2013-இல் ஹாஸ்வெல் வந்தபோது இது பெரிய பேச்சாக இருந்தது. ஆழ்ந்த தூக்கத்தில் அந்த ப்ராசஸர் 12 வோல்ட் கம்பியில் 0.05 ஆம்பியர் வரை இறங்கும், கணக்கிட்டால் 0.6 வாட். அதற்கு முந்தைய பவர் சப்ளைகள் குறைந்தது 0.5 ஆம்பியர், அதாவது 6 வாட், இழுக்கப்படும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்டவை. அவ்வளவு குறைந்த சுமையில் அவற்றுக்கு வோல்டேஜைக் கட்டிக்காக்க வராமல் அணைந்துவிடும். 2010 வாக்கில் வாங்கிய பவர் சப்ளையை அப்பாவின் பழைய பெட்டியிலிருந்து கழற்றி, ஹாஸ்வெல் வகையான 4790கே-க்குப் போடுபவர்கள் இன்றும் உண்டு.

ரைஸனில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. ஏஎம்டி சிபிஎஸ் பக்கத்தில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல். ஆட்டோவிலிருந்து ‘டிபிகல் கரன்ட் ஐடில்’ என்று மாற்றினால் ஆழ்ந்த தூக்கம் மட்டும் நிற்கும், மற்ற சேமிப்பு தொடரும். 2017-இன் முதல் தலைமுறை ரைஸன்கள் ஓய்வில் உறைந்ததற்கு, குறிப்பாக லினக்ஸில், இது நல்ல மருந்தாக இருந்தது. குளோபல் சி-ஸ்டேட் கன்ட்ரோலை மொத்தமாக அணைப்பதற்கு முன் இதைத் தொடுங்கள்.

ரைஸன் 5000-உம் அதற்குப் பின்னும்

2020 இறுதியில் ரைஸன் 5000 வரிசையோடு, கோர் வாரியாக வோல்டேஜை இறக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் வந்தது. இதில் ஓய்வில் சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் தூக்கமே அல்ல. எல்லா கோர்களும் வேலை செய்யும்போது வேகம் மட்டாக இருக்கும். ஒரே ஒரு சின்ன வேலை வந்தால் ஒற்றைக் கோர் உச்சிக்குப் பாயும். நீங்கள் மைனஸ் 25 எழுதியிருந்தால் உச்சியில்தான் வோல்டேஜ் போதாமல் விழும். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். சினிபெஞ்ச் மல்டிகோர் அந்த உச்சிக்குப் போவதே இல்லை, அதனால் பாஸ் ஆகிவிடும். சி-ஸ்டேட்டை அணைத்தால் கோளாறு குறையலாம். ஓய்விலிருந்து கோர் உச்சிக்குத் தாவுவது அதில் மட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

கோர்சைக்ளர் போன்ற கருவி ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும், ராத்திரி விட்டுவைக்க ஏற்றது. வியா-லாகர் 18 பதிவானால் அதனுள் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால், பொதுவாக அதை இரண்டால் வகுத்து மீதியை விட்டால் கோரின் எண் வரும். ஏபிஐசி 7 என்றால் கோர் 3. அந்தக் கோரின் மைனஸை மட்டும் ஐந்து படி குறையுங்கள். எல்லா கோருக்கும் ஒரே எண் எழுதும் சோம்பலை நான் மன்னிப்பதில்லை, கர்வ் ஆப்டிமைசரின் பயனே கோர் வாரியாக எழுதுவதில்தான் இருக்கிறது.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை வைத்திருந்தால்

இங்கே விதி வேறு. மல்டிப்ளையர், சி-ஸ்டேட் எதையும் தொடும் முன் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்ட பிரச்சினை இது: இந்த ப்ராசஸர்களில் ஒரு பகுதி தேவைக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கி, காலப்போக்கில் உள்ளே தேய்ந்துபோயின. ஆகஸ்டில் பயோஸ் வழியாக 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் வந்தது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி வந்தது. பின்னது குறிவைத்தது நம் தலைப்பையேதான்: ஓய்விலும் லேசான வேலையிலும் கோர் அதிக வோல்டேஜ் கேட்பது. சேதமான ப்ராசஸரை மைக்ரோகோட் குணப்படுத்தாது, இனிமேல் சேதமாகாமல் தடுக்கத்தான் உதவும். புதுப்பித்து, இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸில் ஓட்டியும் சாய்ந்தால் அமைப்பில் தேடுவதை நிறுத்துங்கள். பெட்டியோடு விற்ற இந்த ப்ராசஸர்களுக்கு இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு கூட்டி மொத்தம் ஐந்து ஆக்கியிருக்கிறது. ரசீதைத் தேடி எடுங்கள்.

லோ யாட் பிளாசாவிலோ செக்‌ஷன் 14 டிஜிட்டல் மாலிலோ பழையது வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மலேசியத் தொகுதி நன்றாக ஏறும், கோஸ்டா ரிக்காத் தொகுதி ஏறாது என்று தொகுதி எண்ணின் முதல் எழுத்தைக் காட்டி விலை கூட்டுவார்கள். இன்டெல் 1972 முதல் பினாங்கில் இருக்கிறது, பெருமைதான். ஆனால் அங்கே நடப்பது பொதிவதும் சோதிப்பதும். சிலிக்கான் வேறெங்கோ வார்க்கப்பட்டு வருகிறது. அந்த எழுத்துக்காக ஒரு வெள்ளியும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

2015 முடிவில் கே இல்லாத ஸ்கைலேக் ப்ராசஸர்களை பேஸ் கிளாக் வழியாக ஏற்றும் பயோஸ்கள் வந்தன. ஐ3 6100, ஐ5 6400 போன்றவை. அப்படி ஏற்றியதை வாங்கினால் சி-ஸ்டேட் வேலை செய்யவில்லை, சூடு சரியாகக் காட்டவில்லை என்று திகைக்காதீர்கள். அந்த வழிக்கு விலையே அது. திருத்த ஒன்றுமில்லை.

அணைத்தே வைத்தால் என்ன செலவு

13 ஆம்பியர் பிளக்கில் செருகும் வாட்மானி ஒன்று வாங்கி, அணைத்தும் திறந்தும் ஓய்வில் எத்தனை வாட் என்று பாருங்கள். கணினிக்குக் கணினி மாறும். வித்தியாசம் 20 வாட் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓடும் கணினிக்கு மாதம் 14.4 யூனிட். 2025 ஜூலை முதல் தீபகற்பத்தில் தெனாகா வீட்டுக் கணக்கில் 1,500 யூனிட் வரை எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு மூன்றும் சேர்த்து யூனிட்டுக்கு 44.43 காசு. ஊக்கத் தள்ளுபடி கழிக்கும் முன் ஏறத்தாழ 6 வெள்ளி 40 காசு. பெரிய தொகை இல்லைதான். அந்த 20 வாட்டும் உங்கள் படுக்கையறையில் சூடாக இறங்குகிறது என்பதுதான் என் உறுத்தல்.

அணைத்து வைக்க நியாயமான காரணம் ஒன்று உண்டு. வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள், சின்ன பஃபரில் ஒலி வெடித்தால், பதிவு நேரத்துக்கென ஒரு தனி பயோஸ் ப்ரொஃபைலில் சி-ஸ்டேட்டை அணைத்து வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லீப்பிலிருந்து எழாவிட்டால்

இது சி-ஸ்டேட் விவகாரம் அல்ல என்றாலும் இதே மூட்டையில் வந்து சேரும். ஸ்லீப் போட்ட கணினி எழாமல், காத்தாடி சுற்றி நின்றுவிட்டால், முதலில் ஓவர்கிளாக்கை எடுத்துவிட்டு ஒருமுறை சோதியுங்கள். அப்போதும் எழாவிட்டால் பழி டிரைவர் மேல். ஓவர்கிளாக்கில் மட்டும் எழவில்லை என்றால், 2011-இன் சாண்டி பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் பயோஸில் இன்டர்னல் பிஎல்எல் ஓவர்வோல்டேஜ் என்ற வரியைத் தேடுங்கள். 2500கே, 2600கே-யை மிக உயரம் ஏற்ற அது தேவைப்பட்டது, பல போர்டுகளில் ஸ்லீப்பைக் கெடுத்ததும் அதுதான். பயோஸைப் புதுப்பித்தும் தீராவிட்டால் அதை அணைத்துவிட்டு, மல்டிப்ளையர் நிற்கவில்லையானால் ஒரு படி இறக்குங்கள். 4.8-க்கும் 4.7-க்கும் விளையாட்டில் வித்தியாசம் தெரியாது, ஸ்லீப் வேலை செய்யாதது தினமும் தெரியும்.